இதயத்தின் உணவு

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே தொடங்கி மேற்கே பூந்தமல்லி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை, நம் மாநிலத்து மருத்துவக் கல்வியின் வரலாற்றைச் சொல்லும் சாலை எனலாம். அதன் கீழ்க்கோடியில் 1835ஆம் ஆண்டு ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதுவே பின்னாளில் சென்னை மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பெண்கல்விக்கும் அது வழிதிறந்தது. சாலையில் சற்று மேற்கே வந்தால் 1960இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி. அதனையும் கடந்தால் அரும்பாக்கத்தில் 1979இல் தொடங்கப்பெற்ற அரசு யூனானி மருத்துவக் கல்லூரி. மதுரவாயலைத் தாண்டி வேலப்பன்சாவடி, பூந்தமல்லி, தண்டலம் என்று போகப் போகத் தனியார் மருத்துவக் கல்லூரிகளும் செவிலியர் கல்லூரிகளும் வரிசையாக நிற்கின்றன. பூந்தமல்லியிலேயே சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் அரசின் பொது சுகாதார நிறுவனமும் உள்ளது.

அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு முதலிய ஊர்களிலிருந்து நாள்தோறும் காலையில் பேருந்தேறி இக்கல்லூரிகளுக்குச் செல்லும் மாணவ மாணவியருள் நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் இருக்கின்றனர். செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் என அவர்கள் பயிலும் துறை எதுவாயினும், தொடக்கத்தில் அனைவரும் கற்றாக வேண்டியவற்றுள் இரண்டு, இதயத்தின் அமைப்பும் உணவின் இயல்பும் ஆகும். இவ்விரு பாடங்களும் எவ்வாறு உருவாயின, அவற்றுக்குள் நம் பங்கு யாது, அப்பங்கினை நாம் எவ்விதம் பேணுகின்றோம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிந்து நிற்கும் இரு பாடங்கள்

இந்திய செவிலியர் மன்றம் 2021இல் வகுத்த பி.எஸ்சி. செவிலியர் பாடத்திட்டத்தில் உடற்கூறியல் முதற் பருவத்தில் வருகிறது. ஊட்டச்சத்தியல் இரண்டாம் பருவத்தில் வருகிறது. முதற் பருவத்தில் மாணவி இதயத்தின் நான்கு அறைகளையும் நான்கு வால்வுகளையும் வரைந்து, ஒரு பாதிக்கு நீலமும் மறுபாதிக்குச் சிவப்பும் தீட்டுகிறாள். இரண்டாம் பருவத்தில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின்கள், தாதுக்கள் என்று அட்டவணை எழுதுகிறாள். ஒரு தேர்வு முடிந்த பிறகே அடுத்தது தொடங்குகிறது. முந்தையதில் படித்தது பிந்தையதற்கு எதற்காக என்னும் வினா பெரும்பாலும் எழுவதே இல்லை.

பாடம் நடத்துவோரின் வசதிக்காக இப்பிரிவு தேவைதான். ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இவை இரண்டும் ஒரே பாடமாகப் பிறந்து, இடையில் பிரிந்து, மீண்டும் ஒன்று சேர்ந்தவை என்பது புலனாகும். அந்தப் பிறப்பிலும் பிரிவிலும் சேர்க்கையிலும் நம்மவரின் கைரேகை பதிந்திருக்கிறது.

ஜாலீனூஸின் துளைகள்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென், அரபு நூல்களில் ஜாலீனூஸ் எனப்படுகிறார். நாம் உண்ணும் உணவு கல்லீரலை அடைந்து அங்கே இரத்தமாக மாறுகிறது என்பது அவர் கொள்கை. அந்த இரத்தத்தின் ஒரு பகுதி இதயத்தின் வலப்புறத்தை அடைந்து, இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் வழியே இடப்புறத்துக்குக் கசிகிறது என்றும், அங்கே நுரையீரலிலிருந்து வரும் காற்றோடு கலந்து உயிராற்றல் பெறுகிறது என்றும் அவர் எழுதினார். உறுப்புகளைச் சென்றடைந்த இரத்தம் அங்கேயே செலவழிந்துவிடும். மறுபடியும் உணவிலிருந்து புதிய இரத்தம் ஊறும். ஆக, காலெனின் மருத்துவத்தில் உணவும் இதயமும் ஒரே அத்தியாயத்தில் அடங்கியிருந்தன.

இக்கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கேள்வியின்றி ஆட்சி செலுத்தியது. மருத்துவ மேதை இப்னு ஸீனாவும் (980 – 1037) தம்முடைய 'அல்கானூன்' நூலில் இதனைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார். இதயத்துக்கு மூன்று கீழறைகள் உண்டு என்றும் அவர் கருதினார். கீழ்த்திசையிலும் மேல்திசையிலும் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கிய அந்நூலின் சொல்லை மறுப்பது எளிய செயலன்று.

அதனைச் செய்தவர் அலாவுத்தீன் இப்னு நஃபீஸ். 1213ஆம் ஆண்டளவில் டமாஸ்கஸ் நகரத்தின் அருகே பிறந்து, அங்குள்ள நூரி மருத்துவமனையில் பயின்று, பிறகு கெய்ரோவில் குடியேறியவர். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹிலும் தேர்ச்சி பெற்று, அதனை மதரஸாவில் கற்பித்தவர். 1242ஆம் ஆண்டில், முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், அல்கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் ஓர் உரை எழுதினார். அவ்வுரையில், இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவர் கெட்டியானது, அதில் வெளிப்படையான துளையும் இல்லை, காலென் கூறிய மறைவான துளையும் இல்லை என்று உறுதியாக மறுத்தார். எனவே வலக் கீழறையின் இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, அங்கிருந்தே இடப்புறத்துக்குத் திரும்பியாக வேண்டும் என்று முடிவுகட்டினார். மூன்றாவது கீழறை என்பதையும் உடற்கூறு பொய்யாக்குகிறது என்றார். ஷரீஅத்தின் தடையும் தம் இயல்பான இரக்கமும் உடலை அறுக்கும் செயலிலிருந்து தம்மை விலக்கியதாக அவரே அவ்வுரையின் முகப்பில் கூறுகிறார் என்பது குறிப்பிடத்தக்கது. ஆசிரியரின் நூலுக்கு உரை எழுதப் புகுந்தவர், ஆசிரியரின் மீது வைத்த மரியாதையில் சிறிதும் குறையாமலே, அவர் தவறிய இடத்தில் தவறு என்று எழுதினார். ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) கெய்ரோவில் மறைந்தபோது, தம் இல்லத்தையும் நூல்களையும் அங்கே புதிதாக எழுப்பப்பெற்றிருந்த மன்ஸூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார்.

நம் மேடைகளில் இப்னு நஃபீஸின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. இரத்த ஓட்டத்தையே அவர் கண்டுபிடித்துவிட்டார் என்றும் சிலர் பேசுகின்றனர். அவருடைய பெருமைக்கு இந்த மிகைப்படுத்தல் தேவையில்லை. அவர் கண்டது இதயத்திலிருந்து நுரையீரல் வழியே இதயத்துக்குத் திரும்பும் சிறிய சுற்று. உடல் முழுவதையும் சுற்றிவரும் பெரிய சுற்றினை மெய்ப்பித்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. 1628இல் வெளிவந்த அவருடைய நூலின் வலிமை ஒரு கணக்கில் இருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைத் துடிப்புகளின் எண்ணிக்கையோடு பெருக்கினால் கிடைக்கும் தொகையை, எவ்வளவு உண்டாலும் உணவினால் ஈடுகட்ட முடியாது. ஆகவே அதே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுழன்று வருகிறது என்றார் அவர். இன்றைய அளவில் சொன்னால், இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். இவ்வளவையும் உணவிலிருந்து புதிதாக ஊறச் செய்ய எவரால் இயலும்? உணவும் இதயமும் வேறு வேறு பாடங்களாகப் பிரிந்தது இந்தக் கணக்கினால்தான் எனலாம். நுரையீரலின் நுண்ணிய நாளங்களை 1661இல் மால்பிகி நுண்ணோக்கியில் கண்டபோது, இப்னு நஃபீஸ் அறிவினால் ஊகித்த வழி கண்ணுக்கும் தெரிந்தது.

இதயம் எதை உண்கிறது?

இப்னு நஃபீஸின் அதே உரையில் அதிகம் பேசப்படாத மற்றொரு குறிப்பும் உண்டு. வலக் கீழறையில் தேங்கும் இரத்தமே இதயத்துக்கு உணவாகிறது என்பது இப்னு ஸீனாவின் கருத்து. இப்னு நஃபீஸ் இதனையும் மறுத்தார். இதயத்தின் தசைக்குள் ஊடுருவிப் பரவியிருக்கும் நாளங்கள் வழியே வரும் இரத்தமே அதற்கு உணவளிக்கிறது என்று எழுதினார். தன்னுள்ளே அவ்வளவு இரத்தத்தை வைத்திருந்தும் இதயம் அதிலிருந்து நேரடியாக உண்பதில்லை. பிற உறுப்புகளைப் போலத் தனக்கென்று அமைந்த நாளங்கள் வழியாகவே உண்கிறது என்பதே இதன் பொருள்.

இன்றைய மாணவி கரோனரித் தமனிகள் என்று படிப்பது இவற்றைத்தான். பெருந்தமனியின் வால்வுக்குச் சற்று மேலே வலமும் இடமுமாக இரண்டு கிளைகள் பிரிந்து இதயத்தைத் தழுவிப் படர்கின்றன. சுமார் 300 கிராம் எடையுள்ள அவ்வுறுப்பு, தான் வெளியேற்றும் 5 லிட்டரில் ஏறத்தாழ 250 மில்லி லிட்டரை இக்கிளைகள் வழியே தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. உடல் எடையில் இருநூற்றில் ஒரு பங்குகூடத் தேறாத உறுப்பு, இரத்தத்தில் இருபதில் ஒரு பங்கைப் பெறுகிறது என்றால், ஓய்வறியா உழைப்பின் தேவை எத்தகையது என்பதை உணரலாம். இக்கிளைகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி அடைபடுவதே நாம் மாரடைப்பு என்று அஞ்சும் நோய்.

1975இல் சென்னை பெரம்பூரிலுள்ள ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் அறுவைச் சிகிச்சையை நிகழ்த்தினார். அடைபட்ட தமனிக்கு மாற்றாக வேறொரு நாளத்தை ஒட்டவைத்து, பசித்திருக்கும் இதயத்தசைக்கு உணவு செல்லப் புதுவழி அமைப்பதே அச்சிகிச்சை. 2025 ஜனவரியில் காலமான அவர், அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன், பிராண்டியர் லைஃப்லைன் ஆகிய மருத்துவமனைகளில் இதய சிகிச்சையை வளர்த்தெடுத்தவர். கெய்ரோவில் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற ஒரு மறுப்புரையின் பொருள், நம் மேற்குப் புறநகரின் அறுவை அரங்குகளில் இன்று நாள்தோறும் செயலாக நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

புழுங்கலரிசியின் சாட்சியம்

பிரிந்துபோன இரு பாடங்களும் மீண்டும் சேர்ந்த வரலாறு இனி வருவது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்கிழக்கு ஆசியாவைப் பெரி பெரி என்னும் நோய் வாட்டியது. அதில் இரு வகைகள் உண்டு. ஒன்று நரம்புகளைத் தாக்கிக் கால்களைச் செயலிழக்கச் செய்வது. மற்றொன்று இதயத்தைத் தாக்குவது. இதயம் பருத்து, கால்கள் வீங்கி, மூச்சுத் திணறி, நோயாளி சில நாட்களிலேயே மாண்டுபோவதும் உண்டு.

மலாயாவில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் பிராடன், 1907இல் வெளியிட்ட நூலில் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். ஒரே நாட்டில், ஒரே தட்பவெப்பத்தில் உழைத்த தொழிலாளருள் சீனர்களை இந்நோய் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. தமிழர்களை அது ஏறத்தாழத் தீண்டவே இல்லை. சீனர்கள் ஆலையில் தீட்டிய வெண்ணிறப் பச்சரிசியை உண்டனர். தமிழர்களோ தாயகத்தில் பழகிய புழுங்கலரிசியை உண்டனர். அக்காலத்தில் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வணிகம் செய்த நம் முன்னோரின் அடுப்பங்கரையிலும் வெந்தது இவ்வரிசியே. கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பச்சரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் வழங்கிப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் நோய் பரவிப் பலர் மாண்டனர்; புழுங்கலரிசிப் பிரிவில் அது புதிதாகத் தோன்றவில்லை. இத்தகைய சோதனையை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பிராடனின் பார்வை சரியானது. அவர் சொன்ன காரணம் சரியானதன்று. பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் எண்ணினார். 1909இல் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், குற்றம் அரிசியில் சேர்ந்த எதிலும் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு போய்விட்ட ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது என்று காட்டினர். ஜாவாவில் கோழிகளை வைத்து எய்க்மன் முன்னரே நடத்திய ஆய்வுகளும் இவ்வழியையே காட்டின. அந்த 'ஏதோ ஒன்று' தயமின், அதாவது வைட்டமின் பி1. 1936இல் அதனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலார். அவர் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர். பிறந்த ஆண்டு 1886.

நெல்லை உமியோடு ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து மணியின் உட்பகுதிக்குள் செல்கிறது. மாவுச்சத்து இறுகி அதனை அங்கே பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. மாவுச்சத்திலிருந்து ஆற்றலைப் பெறுவதற்கு உடலின் உயிரணுக்களுக்குத் தயமின் இன்றியமையாதது. அது இல்லாதபோது, இடைவிடாது உழைக்கும் இதயத்தசை தட்டு நிறையச் சோறு இருந்தும் பட்டினி கிடக்கிறது. இத்தகைய நோயாளிக்குத் தயமின் ஊசி செலுத்தினால், தளர்ந்த இதயம் விரைவிலேயே தேறுவதை மருத்துவர்கள் கண்கூடாகக் காண்கின்றனர். ஹார்வியின் கணக்கு பிரித்துவைத்த உணவையும் இதயத்தையும் அரிசியின் தவிடு மீண்டும் ஒன்று சேர்த்தது.

குன்னூரிலிருந்து வகுப்பறைக்கு

நம் மாநிலத்தில் இவ்வாய்வு வேரூன்றியது நீலகிரியில். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரி பெரி ஆய்வினைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தில் இந்நோய், தீட்டிய பச்சரிசியை உண்ணும் வடசர்க்கார்க் கடற்கரை மாவட்டங்களிலேயே மிகுந்திருந்ததை அவர் ஆராய்ந்தார். சிறிய அளவில் தொடங்கிய அப்பணி ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 1928இல் மெக்காரிசன் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கென உணவு பற்றிய தொடக்கநூல் ஒன்றையும் எழுதினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து அளவுகளைத் தொகுத்து 1937இல் வெளியிட்டார். அத்தொகுப்பு, சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் போன்றோரால் விரிவாக்கப்பெற்றுத் தலைமுறை தலைமுறையாக மாணவர் கைகளில் புழங்கியது. 2017இல் ஐதராபாத் நிறுவனம் புதிய அட்டவணைகளை வெளியிட்டது. இரண்டாம் பருவத்து மாணவி இன்று நோக்கும் எண்களின் பரம்பரை குன்னூரில் தொடங்குகிறது.

உணவை மருத்துவத்தின் அங்கமாகக் கருதும் மரபு ஹக்கீம்களுக்குப் புதியதன்று. அந்தலூஸின் இப்னு ஸுஹ்ர் (மறைவு 1162) உணவுக்கென்றே 'கிதாபுல் அக்ஸியா' என்னும் நூலை யாத்தார். உடல்நலத்துக்கு இன்றியமையாத ஆறு காரணிகளுள் உண்பதையும் பருகுவதையும் ஒன்றாக வைத்த யூனானி மருத்துவத்தில், உணவாலேயே நோய் தீர்க்கும் 'இலாஜ் பில் கிஸா' தனிமுறையாக உள்ளது. அரும்பாக்கத்துக் கல்லூரியில் உடற்கூறு இன்றும் 'தஷ்ரீஹ்' என்னும் அரபுப் பெயராலேயே பயிலப்படுகிறது.

மொழியைக் குறித்தும் ஒரு சொல். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் கொண்டுவந்தார். இதயத்தின் அறைகளைத் தமிழில் கற்க முடியும் என்பதற்கு அவ்வகுப்பே சான்று. இன்றைய மாணவி ஆங்கிலத்தில் தேர்வெழுதுவதில் தவறில்லை. ஆயின், தான் படித்ததைத் தன் தாய்க்குத் தமிழில் விளக்க அவளால் இயலவில்லையெனில், அப்பாடம் அவளுக்குள் இறங்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

நம் வீட்டுத் தட்டு

இப்போது நாம் நம்மையே நோக்கவேண்டிய இடத்துக்கு வந்திருக்கின்றோம். பெரி பெரி இன்று நம்மிடையே அரிது. அதன் இடத்தை வேறு நோய்கள் பற்றிக்கொண்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டின் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உள்ளதாகக் கணித்தது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் கரோனரித் தமனிகளைக் கெடுப்பவை. இதயத்தின் உணவுக்குழாயை நம் உணவே அடைக்கிறது என்பதுதான் இன்றைய நிலை.

கொழுப்பின் வகைகளைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதும் நம் பிள்ளை, வலீமா விருந்தில் தந்தையின் தட்டைக் கண்டு ஒன்றும் சொல்வதில்லை. நாளொன்றுக்கு 5 கிராம் உப்புப் போதும் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையை மனப்பாடம் செய்தவள், வீட்டு ஊறுகாய்ச் சாடியை அளந்து பார்ப்பதில்லை. படித்தது தாளோடு நின்றுவிடுகிறது.

வீட்டு அடுப்பிலேயே பாடம் இருக்கிறது. ரமளானில் நாம் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். பச்சரிசி நொய்யும் பாசிப்பருப்பும் அதில் சேருகின்றன. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி தருகிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவாக்குகிறது. கஞ்சியை வடித்துக் கொட்டுவதில்லையாதலால், நீரில் கரைந்த சத்து வெளியே போவதில்லை. வெந்தயமும் பூண்டும் தம் பங்கைச் சேர்க்கின்றன. அதே கஞ்சியில் தேங்காய்ப்பாலும் உப்பும் எவ்வளவு சேரவேண்டும், உடன்வரும் வடையும் சமோசாவும் எத்தனை என்பதையும் மாணவி கணக்கிட்டுச் சொல்லலாம். பாராட்டவேண்டியதைப் பாராட்டி, குறைக்கவேண்டியதைக் குறைப்பது கல்வியின் பயன்.

இப்னு நஃபீஸின் உரையைப் பற்றி இறுதியாக ஒன்று. நுரையீரல் சுற்றினைக் குறித்த அவருடைய வரிகள் நெடுங்காலம் உலகின் கவனத்துக்கு வராமலே கிடந்தன. 1924இல் பெர்லின் நூலகத்துச் சுவடியில் அவற்றைக் கண்டு வெளிப்படுத்தியவர், ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த முஹ்யித்தீன் தத்தாவி என்னும் எகிப்திய மாணவர். பெயரைப் புகழ்ந்தோர் பலர் இருக்க, நூலைத் திறந்து வரி வரியாகப் படித்தவருக்கே அது கிட்டியது.

பூந்தமல்லிச் சாலையில் பேருந்தேறும் நம் பிள்ளைகளிடம் நாம் வேண்டுவது இதுவே. இதயத்தின் படத்துக்கு வண்ணம் தீட்டும்போது, இச்சுவரில் துளை இல்லை என்று முதலில் சொன்னவர் எதைக்கொண்டு சொன்னார் என்று கேளுங்கள். சத்து அட்டவணையை எழுதும்போது, இந்த எண் உங்கள் வீட்டு அரிசிக்கும் பொருந்துமா என்று பாருங்கள். இரு பருவத்துப் பாடங்களையும் சேர்த்துப் படித்து, விளங்கியதை வீட்டிலுள்ளோர்க்கு எடுத்துச் சொல்லுங்கள். பெற்றோராகிய நாமும் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், இன்று என்ன படித்தாய் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைத் தட்டின் முன் அமரும்போது நினைவில் கொள்வோமாக.